மருத்துவ ஆன்டாலஜி

மருத்துவ ஆன்டாலஜி என்பது நோய், உறுப்பு, காரணி, மருந்து ஆகியவற்றையும் அவற்றுக்கு இடையிலுள்ள உறவுகளையும் கணினிக்குப் புரியும் வகையில் வரையறுக்கும் அமைப்பு. இணையத்தில் சிதறிக் கிடக்கும் மருத்துவத் தகவல்களை ஒழுங்குபடுத்தவும் தேடி எடுக்கவும் உதவுகிறது.

கோலார் தங்கவயலின் நோய் ஒன்றே இதன் தேவையைக் காட்டும். ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் முதலிய பகுதிகளின் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தார்கள். அப்போது கிளம்பிய தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்குவதே சிலிக்கோசிஸ். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தூசியை விட்டு விலகிய பிறகும் இந்நோய் முற்றக்கூடும்.

இருமல், மூச்சுத்திணறல், எடை குறைதல் என்று இதன் அறிகுறிகள் காசநோயை ஒத்தவை; சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் தாக்கவும் செய்யும். அதனால் ஒன்று மற்றொன்றாகப் பதிவாகிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் சிலிக்கா தூசி நோய்க்குக் குறியீடு ஜே62. காசநோயும் சேர்ந்தால் ஜே65. புள்ளிவிவரத்துக்கான பட்டியல் என்பதால் ஒரு நோய்க்கு ஓரிடம்தான். ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவ ஆன்டாலஜி அப்படியல்ல. அதில் சிலிக்கோசிஸ் ‘தூசியால் வரும் நுரையீரல் நோய்களில் ஒரு வகை’. ‘பாதிக்கும் இடம்’ நுரையீரல். ‘காரணி’ சிலிக்கா தூசி. எந்த முனையிலிருந்து தேடினாலும் நோயை எட்டலாம்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட ‘மெஷ்’ சொல்தொகுதி இத்தகைய ஆன்டாலஜிகளுக்கு முன்னோடி. இன்றும் அந்நூலகத்தின் பப்மெட் தளத்தில் தூசி நோய்களுக்கான மெஷ் தலைப்பைத் தேடினால், அதன்கீழ் வரும் சிலிக்கோசிஸ் கட்டுரைகளும் சேர்ந்தே கிடைக்கும்.

இந்தியா 2014இல் ஸ்னோமெட் அமைப்பில் உறுப்பினரானது. அதன் தேசிய வெளியீட்டு மையத்தைப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் நடத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகளும் ஸ்னோமெட்டைப் பரிந்துரைக்கின்றன.

ஆனாலும் பதியாத தகவலை எந்த ஆன்டாலஜியும் இணைக்காது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருமலோடு மருத்துவமனைக்கு வரும்போது, அவர் பார்த்த வேலையையும் எத்தனை ஆண்டுகள் சுரங்கத்தில் இருந்தார் என்பதையும் கேட்டு எழுதியாக வேண்டும். அதை எழுதினால்தான் அவருடைய எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சிலிக்காவோடு பொருத்திப் பார்க்கப்படும்.