பட்டப்படிப்பு நிபந்தனைகளும் மாணவர் வழிகாட்டலும்: கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

ராயக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சேலம் – பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்த ஊர். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இப்பகுதியின் மாணவர்கள் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். சேர்ந்த பிறகு பட்டம் பெற எதை எதை முடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதிகள் ஒன்றரை நூற்றாண்டாக மாறி வந்துள்ளன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தவர். அக்காலத்தில் நிபந்தனை எளிது: குறித்த பாடங்களில் தேர்வெழுதித் தேற வேண்டும், அவ்வளவே. பின்னர் ஈராண்டு இண்டர்மீடியட், அதன்மேல் ஈராண்டு பி.ஏ. என்ற முறை நிலைத்தது. 1950-களின் நடுவில் இண்டர்மீடியட் போய், ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியதும் புகுமுக வகுப்பு மறைந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் இன்றும் பி.யூ.சி. என்றே அழைக்கப்படுகின்றன. பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு. அங்கே படித்துவிட்டு இங்கே சேர வருவோரிடம் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுவது வழக்கம்.

பழைய சேலம், தருமபுரி மாவட்டக் கல்லூரிகள் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் கீழ் வந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பின்னும் இந்த இணைப்பு தொடர்கிறது.

மிகப் பெரிய மாற்றம் 2008–09 கல்வியாண்டில் வந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் பரிந்துரைப்படி விருப்பப் பாடத் தெரிவு முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட்டுகள் தேவை. பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிந்தன. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும். நான்காவது பகுதியில் திறன்சார் பாடங்கள், விழுமியக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி ஆகியவை உண்டு. (சுற்றுச்சூழல் கல்வியின் வேர் 1991-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணையில் இருக்கிறது.) ஐந்தாவது பகுதி நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள், அதற்கு ஒரேயொரு கிரெடிட்.

இந்த ஒரு கிரெடிட்டை எளிதாக எண்ணிவிடக் கூடாது. முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று பார்க்கையில் முதன்மைப் பாட மதிப்பெண்ணே முன்னிற்கும். ஆனால் எல்லாப் பகுதிகளையும் முடிக்காதவருக்குப் பட்டமே இல்லை. முதன்மைப் பாடத்தில் முழுக் கவனம் வைத்து, சிறு தாள் ஒன்றை அரியராக விட்டுவிடும் மாணவர், ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபின் அதை எழுத நாள் ஒதுக்க முடியாமல் தவிக்க நேரும்.

எல்லைப் பகுதிக்கு மிகவும் பொருந்துவது நான்காம் பகுதியின் மொழி விதி. பள்ளியில் தமிழ் படிக்காமல், கல்லூரியிலும் முதற்பகுதியில் வேறு மொழி எடுத்தவர் அடிப்படைத் தமிழில் இரு தாள்கள் தேற வேண்டும். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவே. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்து, பின் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ். ஏனையோர் பிற துறைப் பாடம் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளிலிருந்து வருவோர் சேர்க்கை நாளிலேயே இதைக் கேட்டறிவது நல்லது. தவறான தாளை எழுதித் தேறினாலும் அந்த நிபந்தனை நிறைவேறியதாகாது.

இவற்றை மாணவருக்குச் சொல்ல வேண்டியவர் யார்? அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கெனத் தனி ஆலோசகர்கள் உண்டு. இங்கே வகுப்பாசிரியரோ துறைத்தலைவரோதான் இப்பணியைச் செய்கிறார். பாடம் நடத்துவது, வருகைப்பதிவு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அவர் தலையில்தான். தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக், கல்லூரிகளைத் தரமிடும்போது ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்கிறது. எண்ணிக்கை ஏட்டில் இருக்கும். உரையாடல் நடந்ததா என்பதை அந்த எண் காட்டாது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைத்திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது.

பட்டம் பெற்ற பின்னும் விதிகள் விடுவதில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்த பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2009-இல் ஆணையிட்டது. பள்ளியை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்ற பலரை அது பாதித்தது.