நரிதாவில் சில மணி நேரம்

விமானம் மாற நரிதாவில் ஐந்தாறு மணி நேரம் தங்க நேர்ந்தால், கண்ணாடிக் கடைகளையே சுற்றிக்கொண்டிராதீர்கள். ரயிலில் சற்று நேரத்தில் நரிதா ஊர். விலாங்கு மீன் சுடும் வாசனையோடு கடைத்தெரு உங்களை ஷின்ஷோஜி கோயிலில் கொண்டுபோய் விடும். மஸகாதோ என்ற கலகக்காரன் அடங்க வேண்டுமென்று 940-ல் செய்த ஹோமத்தில் (நம் ஹோமந்தான்; அவர்கள் வாயில் 'கோமா') பிறந்த கோயில் என்பது ஐதிகம். தலை போனவனோ, டோக்கியோவில் கந்தா கோயிலில் தெய்வமாக வீற்றிருக்கிறான்!

விமான நிலையமும் கலகத்தில் பிறந்ததுதான். 1966-ல் சர்க்கார், ஸன்ரிஸுகா உழவர்களை ஒரு வார்த்தை கேளாமல் அவர்கள் நிலத்தைக் குறித்தது. யுத்தத்துக்குப் பின் காடு திருத்திக் குடியேறியவர்கள் அவர்களில் பலர், விடுவார்களா? இரு தரப்பிலும் உயிர்ச்சேதம். 1978 மார்ச் 26-ல் எதிர்ப்பாளர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறிக் கருவிகளை நொறுக்கினார்கள். திறப்பு மே 20-க்குத் தள்ளிப்போயிற்று. போராட்டக்காரர்கள் அணிந்த ஹெல்மெட்டுகளை நிலையத்தருகே ஷிபயாமாவில் உள்ள காட்சிச்சாலையில் பார்க்கலாம்.