உலோகம் கலவாப் பீங்கான் பற்பாலம்

இழந்த பல்லின் இருபுறமும் உள்ள பற்களைச் சீவி, அவற்றுக்கான உறைகளையும் நடுவில் நிற்கும் பொய்ப்பல்லையும் பீங்கானாலேயே ஒரே துண்டாகச் செய்து ஒட்டும் நிலையான அமைப்பு இது. தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளிலும் பேச்சுவழக்கில் இது ‘பல் கட்டுதல்’ என்பதில் அடங்கும்; கழற்றி மாட்டும் ‘பல்செட்டு’ வேறு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் பீங்கான் பல்வரிசைகள் செய்யப்பட்டன. 1903இல் அமெரிக்கரான சார்லஸ் லேண்ட் ஒற்றைப் பல்லுக்கான பீங்கான் உறையை விவரித்தார். ஆயினும் பீங்கான் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவிசையைத் தாங்காது; கடிக்கும்போது பாலத்தின் அடிப்புறம் இழுபடுவதால், பொய்ப்பல்லும் உறையும் சேருமிடத்தில் விரிசல் காணும். இதனாலேயே 1960களில் உலோகச் சட்டத்தின்மேல் பீங்கானைச் சுட்டுப் பதிக்கும் முறை பரவியது. ஈறு சற்று விலகியதும் விளிம்பில் தெரியும் கருங்கோடும், நிக்கல் கலந்த உலோகத்தால் சிலருக்கு உண்டாகும் ஒவ்வாமையும் அம்முறையின் குறைகள்.

1965இல் ஆய்வாளர்களான மக்லீனும் ஹியூசும் அலுமினா சேர்த்துப் பீங்கானை வலுவாக்கினர். 1998இல் வந்த லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான் முன்வரிசைச் சிறு பாலங்களுக்குப் போதுமானதாயிற்று. கடைவாய்ப் பாலங்களுக்குச் சிர்கோனியாவே வழிவகுத்தது. இலங்கையிலிருந்து சென்ற சிர்கான் கல்லில் 1789இல் வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டறிந்த பொருள் இது. அதே கனிமம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலிருந்தும் பிரிக்கப்படுகிறது. யிட்ரியா என்னும் ஆக்சைடு சேர்த்த சிர்கோனியாவில் விரிசல் முனை எட்டும் துகள்கள் படிக வடிவம் மாறிப் பருத்து, அவ்விரிசலை நெருக்கி அடைக்கின்றன. சாக்கட்டி போன்ற மென்மையான வட்டில், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பெரிதாக, கணினி வழிக் கடையப்படும் பாலம், சுமார் 1500 பாகை செல்சியஸ் உலையில் சுருங்கி உரிய அளவை அடைகிறது.

தேனி மாவட்டத்திலும், பிற இடங்களைப் போலவே, மருத்துவர் அளவெடுத்தனுப்ப, பாலம் பல் ஆய்வகத்தில் உருவாகிறது. வெற்றிலைக் கொடிக்கால்கள் உள்ள சின்னமனூர் வட்டாரம் போன்ற இடங்களில் ஒன்றைக் கருத வேண்டும்: நெடுங்காலம் வெற்றிலையுடன் பாக்கு மென்ற பற்கள் தேய்ந்து குட்டையாகிவிடும். சிர்கோனியா கண்ணாடிப் பீங்கானைப் போல அமிலத்தால் பொறிக்கப்பட்டுப் பசையுடன் இறுகுவதில்லையாதலின், அதன் பிடிமானம் சீவிய பல்லின் உயரத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. அத்தகைய வாயில் ஈறுநோய் இருந்தால் அதைக் குணப்படுத்தி, பல்லின் உயரத்தை மீட்ட பின்னரே பாலம் கட்டுவது முறை. சீவிய எனாமல் மீண்டும் வளராது என்பதையும் சீவுவதற்கு முன்பே நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.