சப்பாத்து போட்ட வக்கீல்

காரைக்காலில் சில வீடுகளை இன்னமும் ‘சொல்தா வீடு’ என்றுதான் அடையாளம் சொல்வோம். பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் வீடு என்று அர்த்தம். அந்த வீட்டுத் தாத்தா சைகோன் போய் வந்தவர், பாட்டிக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருது என்ற கதைகளைக் கேட்டுத்தான் நம்மில் பலரும் வளர்ந்தோம். கப்பல் ஏறிப் போனவர்களைப் பற்றி ஊரில் பேசுகிறோம். அவர்களில் பலருக்கு வழி திறந்துவிட்ட ஒரு வக்கீலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான் படித்தது பொறியியல்தான், வரலாறு இல்லை. ஆனாலும் மலருக்கு எழுதச் சொன்னதும் இவர்தான் நினைவுக்கு வந்தார்.

அவர் பெயர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. புதுச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடியவர். 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நம் காரைக்காலும் அன்று புதுச்சேரி ஆளுநரின் நிர்வாகத்தில்தான் இருந்தது. இந்தியர்களின் திருமணம், வாரிசு போன்ற விஷயங்களை அவரவர் சாதி, சமய வழக்கப்படியே தீர்க்க வேண்டும் என்று 1819-ல் ஓர் ஆணை போட்டிருந்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ‘நீ உன் வழக்கப்படி இரு’ என்பதற்குள்ளேயே ‘எங்களுக்குச் சமமாக வராதே’ என்ற அர்த்தமும் ஒளிந்திருந்தது.

1873-ல் அது வெளியே வந்தது. பொன்னுத்தம்பி ஐரோப்பியர் போலக் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு மன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வருவது மரியாதைக் குறைவு என்று நீதிபதி அவரைத் தடுத்தார். ‘சரிங்க ஐயா’ என்று வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் கழற்றவில்லை. பாரிஸில் இருக்கும் பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோனார். ஒரு ஜோடி சப்பாத்துக்காகவா இவ்வளவு என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பும் இந்தியர்களுக்கு அதற்கு உரிமை வேண்டும் என்ற இயக்கத்தில் முன்னே நின்றார். 1881 செப்டம்பர் 21-ல் அதற்கான ஆணை பிறந்தது. விருப்பமுள்ளவர் பதிவு அதிகாரி முன் எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அது சேர்த்தே பொருந்தும். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் திரும்ப வர வழியில்லை. இவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்றார்கள், அதாவது துறந்தவர்கள். பொன்னுத்தம்பி தனக்கு எடுத்துக்கொண்ட பெயர் ‘லா போர்த்’. பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். பிறருக்காகக் கதவைத் திறந்தவருக்குப் பொருத்தமான பெயர்.

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. அன்றைய அரசியலில் பெரும் செல்வாக்கோடு இருந்த சண்முக வேலாயுத முதலியார், நம் வழக்கங்கள் அழிந்துபோகும் என்று கடுமையாக எதிர்த்தார். ஆனால் அந்த வழக்கங்களின் பாரத்தை முதுகில் சுமந்தவர்களுக்குக் கணக்கு வேறு. சாதியின் அடித்தட்டில் இருந்தவர்களும் கிறிஸ்தவர்களும்தான் அதிகமாகத் துறந்தார்கள். சட்டத்தில் பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்றார்கள். ஆனால் 1884-ல் தேர்தல் பட்டியலை மூன்றாகப் பிரித்து, ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று என்று வைத்தார்கள். கதவு திறந்தது உண்மை. உள்ளே போனவர்களைத் தனித் திண்ணையில் உட்கார வைத்ததும் உண்மை.

இருந்தாலும் அந்தக் கதவு வழியாகப் பலர் வாழ்க்கையில் முன்னேறினார்கள். பிரெஞ்சு இந்தோசீனாவில் குமாஸ்தாவாக, போலீசாக, சிப்பாயாக ரெனோன்சான்கள் வேலைக்குப் போனார்கள். அன்று பிரெஞ்சுக் காலனிகளை நிர்வகித்ததே கடற்படை அமைச்சகம்தான். நம் ஊர்ச் சொல்தா குடும்பங்கள் பலவற்றின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பின்னால் இன்னொரு முறை தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. ஒரே தெருவில், ஏன் ஒரே குடும்பத்திலேயே, அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனதுண்டு.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பொறியாளனான எனக்கு இவரிடம் பிடித்தது, சட்டப் புத்தகத்தை அவர் பயன்படுத்திய விதம்தான். அவரைத் தடுத்தவர்கள் கையில் இருந்த அதே பிரெஞ்சுச் சட்டத்தை அவர்களுக்கே படித்துக் காட்டினார். ஆனால் சமமாக நிற்பதற்கு அவரும் தன் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தேதான் நாம் நினைவில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே அது என்னவென்று கேட்டு, தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அதைப் படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.