யார் பெரியவர்?

ஜோ லூயிஸ் பெரியவரா, ராக்கி மார்சியானோ பெரியவரா? குத்துச்சண்டைப் பிரியர்கள் கூடும் இடத்தில் இந்த வழக்கு தீர்ந்ததே இல்லை. "இருவரும் நேரிலேயே மோதினார்களே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார்.

மோதினார்கள், வாஸ்தவம். 1951 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில், எட்டாவது சுற்றில் லூயிஸ் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். ஆனால் விழுந்தவருக்கு வயது 37, வீழ்த்தியவருக்கு 28. 1937 முதல் 1949 வரை பட்டத்தை 25 தடவை காத்து நின்ற லூயிஸ் அன்று மேடைக்கு வரவில்லை. வருமான வரிப் பாக்கிக்காக மறுபடியும் கையுறை மாட்டிய மனிதர்தான் வந்தார்.

18 வருஷம் கழித்து மார்சியானோவின் முறை. 49 சண்டைகளிலும் வென்று 1956-இல் ஓய்வு பெற்றவர், 45-ஆம் வயதில் டோப்பா வைத்துக்கொண்டு முகமது அலியுடன் காமிரா முன்னால் போலிச் சண்டை போட்டார். வெல்பவர் யார் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லுமாம்! 13-ஆம் சுற்றில் மார்சியானோ வென்றதாகப் படம் 1970-இல் வெளிவந்தது. அதற்குள் அவர் விமான விபத்தில் மாண்டிருந்தார்.

என் அபிப்பிராயத்தில், இந்த வழக்குக்கு நம்பத்தகுந்த சாட்சி ஒன்றுதான். 1951-இல் ஜெயித்த அந்த இரவு, மார்சியானோ லூயிஸின் அறைக்குப் போய்க் கண்ணீர் விட்டாராம். தாம் எந்த லூயிஸை ஜெயிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.