வேகன் சுவரில் எழுதிய ஆண்டு



புன்னக்காயல்காரர்கள் ரயிலேற ஆறுமுகநேரிக்கோ காயல்பட்டினத்துக்கோதான் போக வேண்டும். அந்தத் திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 1923-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, 2008-இல் அகலப்பாதையானது. மீட்டர் கேஜ் சரக்கு வேகன்கள் இனி அங்கே வரப்போவதில்லை. அவற்றை மாதிரி ரயிலாகச் செய்ய விரும்பும் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் எந்த ஆண்டு என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14-இல். அதற்கு முன் இருந்தது தென்னிந்திய ரயில்வே. ஆகவே 1940-ஆம் ஆண்டு வேகனில் 'எஸ்.ஆர்.' என்று எழுதினால், திறக்காத கிளையின் முத்திரையை வவுச்சரில் குத்தியது போலாகும்.

குறியீட்டையும் பாருங்கள். 'எம்.பி.சி.' என்றால் மீட்டர் கேஜ், போகி, மூடிய வேகன். இன்றைய அகலப்பாதை 'பி.சி.என்.'-இல் 'எம்' கிடையாது. கடைசி 'என்' காற்றழுத்த பிரேக்கைக் குறிக்கும். இப்போதைய 11 இலக்க எண்ணில் வேகன் வகை, எந்த ரயில்வே, தயாரித்த ஆண்டு, வரிசை எண் எல்லாம் அடங்கும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க. பழைய வேகனில் இந்த எண் வரக்கூடாது.

1:87 அளவில் 15 செ.மீ. எழுத்து சுமார் 1.7 மி.மீ. ஆகிவிடும். கருப்பு-வெள்ளைப் படத்தில் எழுத்து தெரியும், நிறம் தெரியாது. நிறத்துக்கு வண்ணப்படமோ, ரயில்வேயில் வேலை பார்த்தவர் சொல்லோ வேண்டும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். திருச்செந்தூர் போனபோது எடுத்த படத்தின் பின்னணியில் வேகன் நின்றால், ஆண்டைக் குறித்து ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்வோம்.