சாவதற்கென்றே ஒரு பல்சக்கரம்

நாற்பது, ஐம்பது வருஷம் உழைத்த கிச்சன்எய்டு ஸ்டாண்ட் மிக்ஸர் ஒன்று ரிப்பேர் மேசைக்கு வருகிறது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, ஆனால் மாவு பிசையும் கொக்கி சுற்றவில்லை. தலைப்பகுதியைத் திறந்து பழைய கிரீஸை வழித்துப் போட்டால், உள்ளே ஒரு பல்சக்கரம் மட்டும் பல் கொட்டிப் போயிருக்கிறது. மற்ற சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன, மோட்டாருக்கு ஒரு கீறலும் இல்லை. சக்கரத்தை மாற்றிப் புது கிரீஸ் வைத்து மூடினால் இயந்திரம் மறுபடி வேலைக்குத் தயார்.

இது தற்செயல் அல்ல. அந்தச் சக்கரம் முதலில் தேய வேண்டும் என்றே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இயந்திரத்தின் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கனத்தையும் இரும்பையும் புகழ்வார்கள். எனக்கு அந்தச் சக்கரத்தின் மேல்தான் மரியாதை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹோபார்ட் என்ற கம்பெனி, மளிகைக் கடைகளுக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் வேண்டிய மின்சாரக் கருவிகளைச் செய்துவந்தது. அதன் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் 1908-ல் ஒரு ரொட்டிக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிக் கிளறி ஓய்ந்துபோவதைப் பார்த்தார் என்பது இந்த இயந்திரத்தின் பிறப்புக் கதை. 1914 வாக்கில் கம்பெனி சுமார் 75 லிட்டர் கொள்ளும் ராட்சத மிக்ஸரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் ரொட்டிக் கடைகள் வாங்கின. 1917-க்குள் அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களின் சமையற்கட்டுக்கு அதை வழக்கமான சாமானாக்கிக்கொண்டது. நடுக்கடலில் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு அனுப்ப முடியாது. கப்பலில் இருப்பவர்களே கையிலிருக்கும் ஸ்பானரால் கழற்றிச் சரிசெய்து ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்து பழகிய பரம்பரையில்தான் வீட்டு மிக்ஸர் பிறந்தது.

1919-ல் கிச்சன்எய்டு என்ற பெயரில் வந்த முதல் வீட்டு மாடல் எச்-5. எடை ஏறக்குறைய 30 கிலோ, விலை 189.50 டாலர். அந்தக் காலத்தில் அது சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அல்ல. கடைக்காரர்கள் வாங்கி வைக்கத் தயங்கினார்கள். கம்பெனி பெண்களை விற்பனைக்கு அமர்த்தி, வீடு வீடாக அனுப்பிச் செய்துகாட்ட வைத்தது. 1937-ல் எக்மண்ட் ஏரன்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த ‘கே’ மாடல் வந்தபோதுதான் கதை மாறியது. விலை 55 டாலராக இறங்கியது. தலைப்பகுதி வழவழவென்று வளைந்தது. இன்று கடையில் நிற்கும் மிக்ஸரின் உருவம் பெரும்பாலும் அந்த 1937-ன் உருவமே.

அதே மாடலில்தான் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். தலையின் முன்பக்கம் ஒரு சதுரத் துளை இருக்கும். இறைச்சி கொத்தவும் தானியம் அரைக்கவும் தனித்தனி இணைப்புகளை அதில் செருகலாம். அந்தத் துளையின் அளவை அதன்பின் அவர்கள் மாற்றவே இல்லை. பாட்டி காலத்து மிக்ஸரில் பேத்தி புதிதாக வாங்கிய இணைப்பு பொருந்தும். புது மாடல் வந்ததும் பழைய சார்ஜரைக் குப்பைக்கு அனுப்பிப் பழகிவிட்ட நமக்கு, ஒரு கம்பெனி ஏறத்தாழ 90 வருஷம் ஒரே அளவைக் காப்பாற்றியது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். இதைச் சட்டம் போட்டு யாரும் செய்ய வைக்கவில்லை.

உற்பத்தி 1941-ல் அதே ஒஹாயோவின் கிரீன்வில் என்ற ஊருக்குப் போனது. உலகப்போரில் நின்று, போர் முடிந்தபின் தொடர்ந்தது. 1955-ல் வெள்ளை நிறத்தைத் தாண்டி இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வந்தன. வெளியே நிறம் மாறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஏற்பாடுதான் கவனிக்க வேண்டியது.

நம் வீட்டு மிக்ஸியில் பிளேடு மோட்டார் தண்டின் வேகத்திலேயே சுழல்கிறது, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று. தேங்காயை அரைக்க வேகம்தான் வேண்டும். ரொட்டி மாவுக்கு வேகம் ஆகாது, விடாத இழுவை வேண்டும். ஸ்டாண்ட் மிக்ஸரில் மோட்டார் தலைக்குள் படுத்திருக்கிறது. அதன் தண்டின் நுனியில் திருகாணி மாதிரி வெட்டிய பல் உண்டு, அதை வார்ம் என்பார்கள். அது எதிரே நிற்கும் வார்ம் கியரைத் தள்ள, சுற்று எண்ணிக்கை பல மடங்கு குறைந்து இழுவை பல மடங்கு கூடுகிறது. 250 வாட் என்று எழுதியிருக்கிறதே, நம் மிக்ஸியே 750 வாட் ஆயிற்றே என்று ஏமாற வேண்டாம். அந்த 250 வாட் பல்சக்கரங்களின் வழியே இறங்கிக் கொக்கிக்கு வரும்போது, கெட்டி மாவைத் திரட்டி உருட்டும் பலமாகியிருக்கும். கொக்கியும் இருந்த இடத்திலேயே சுழல்வதில்லை. ஒரு பக்கமாகத் தான் சுழன்றுகொண்டே, எதிர்ப்பக்கமாகக் கிண்ணத்தைச் சுற்றி வருகிறது. ஆகவே கிண்ணத்தைத் திருப்ப ஆள் வேண்டியதில்லை.

இத்தனை இழுவையும் அந்த ஒரு வார்ம் கியரின் பற்களில்தான் இறங்குகிறது. தண்டிலுள்ள வார்ம் எஃகு. அதோடு கடிக்கும் சக்கரத்தையோ வேண்டுமென்றே அதைவிட மென்மையான பொருளில் செய்கிறார்கள், சில மாடலில் வெண்கலம், சில மாடலில் நைலான். மாவு அளவுக்கு மேல் இறுகிப் போனாலோ கொக்கியில் ஏதாவது சிக்கினாலோ அந்தப் பல் உடையும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது. அது உடையாவிட்டால் மோட்டார் முக்கி முக்கி வைண்டிங் கருகும். நம் மிக்ஸிக்கு அடியில் கப்ளர் என்ற ரப்பர் துண்டு இருக்கிறதே, அதற்கும் இதே கடமை. ஜார் இறுகினால் கப்ளர் கிழியும், மோட்டார் தப்பும். கடைக்காரர் சில நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். அதை மட்டமான பொருள் என்று திட்டுகிறவர்கள், அதற்குப் பதிலாக எது உடைந்திருக்கும் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பழுது எல்லாம் பல்சக்கரத்தோடு முடிவதில்லை. அடிக்கடி கேட்கும் புகார், கிண்ணத்துக்குள் எண்ணெய் சொட்டுகிறது என்பது. பயந்துபோய்த் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. கியர் பாக்ஸில் இருக்கும் கிரீஸ் வயதாகும்போது எண்ணெய் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரியும். பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். அது கிரீஸ் மாற்றச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். உணவுக் கருவிகளுக்கென்று விற்கும் கிரீஸைத்தான் வைக்க வேண்டும், சைக்கிள் கடை கிரீஸ் கூடாது. ஏறக்குறைய 170 கிராம் பிடிக்கும்.

திறக்கும் முறை தெரிந்தவருக்குக் கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மூடிகளைத் திருகிக் கார்பன் பிரஷ்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும். இதை மறந்து தலையைத் தூக்கினால் பிரஷ் நொறுங்கும். பிறகு கொக்கி மாட்டும் பகுதியில் குறுக்கே செருகியிருக்கும் பின்னைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். பழைய இயந்திரத்தில் அந்தப் பின் இறுகிக்கிடக்கும், பொறுமையாகத் தட்ட வேண்டும். கீழேயுள்ள திருகுகளைக் கழற்றினால் தலை இரண்டாகப் பிரியும். ஒட்டிய பிளாஸ்டிக் இல்லை, கம்பெனியிடம் மட்டுமே இருக்கும் விசித்திரச் சாவி இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் இயந்திரத்தைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்றலாம் என்று மூடியை வெளியே வைத்தவரின் அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

மூடியபின் ஒரு சோதனை உண்டு. கிண்ணத்துக்குள் அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயத்தைப் போட்டு, தட்டையான துடுப்பை மாட்டிக் குறைந்த வேகத்தில் ஓட்டுவார்கள். துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தை லேசாக நகர்த்தினால் உயரம் சரி. அசையவே இல்லை என்றால் கிண்ணத்தின் அடியிலுள்ள மாவு கலங்காது. நாணயத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போனால் துடுப்பு அடியில் உரசுகிறது. கழுத்திலுள்ள ஒரே திருகை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்.

1986-ல் கிச்சன்எய்டு வர்ல்பூல் கம்பெனியின் கைக்கு மாறியது. ஹோபார்ட் காலத்து இயந்திரம்தான் அசல், அதன்பின் வந்தவை சோடை என்று பேசுகிறவர்கள் அன்று முதல் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரிய மாடல்கள் சிலவற்றில் கியர் பாக்ஸ் மூடி பிளாஸ்டிக்கில் வந்து விரிசல் கண்டது, பிறகு உலோகத்துக்கு மாற்றினார்கள். ஆனால் முழு உண்மை அல்ல. நாம் இன்று பார்க்கும் பழைய மிக்ஸர்கள் பிழைத்தவை மட்டுமே. இடையில் செத்தவை என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. புதியவற்றிலும் அதே அமைப்பும், அதே வெளிமூடிப் பிரஷ்ஷும், அதே தியாகச் சக்கரமும் இருக்கின்றன. ஆயுளை அதிகம் குறைப்பது ஓட்டுகிறவரின் கைதான். மாவு பிசைய இரண்டாம் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. ஆறாம் எண்ணில் வைத்துச் சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவில் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் இந்த மிக்ஸரும் வருகிறது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் பிளக் மட்டும் மாற்றிச் செருகினால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் மோட்டாரும் புகைந்து போகும். எந்தத் தியாகச் சக்கரமும் இதிலிருந்து காப்பாற்றாது. மிக்ஸரின் வாட்டைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரை வைத்து ஓட்டுங்கள். பரணில் ஓடாமல் கிடக்கும் ஒன்று உங்களிடம் இருந்தால், அடியில் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மிக்ஸி மோட்டார் பிரித்துப் பழகிய ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் எடுத்துப் போங்கள். வார்ம் கியர், கேஸ்கெட், கார்பன் பிரஷ் மூன்றுமே இன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன.